கேப்டன் லட்சுமி என்கிற டாக்டரம்மா



ஒவ்வொரு ஆகஸ்ட் 15-க்கும் நம் பள்ளியில் மாறுவேடப் போட்டி நடக்கும். பாரதியார் ரெண்டு பேர், கட்டபொம்மன் ஒருத்தர், ஜான்சி ராணி மூணு பேர் கட்டாயம் வருவார்கள். கூடவே காக்கிச் சட்டை, தொப்பி, அட்டைத் துப்பாக்கியோடு ஒரு கேப்டன் லட்சுமியும் வருவார். போன வருஷம் அந்த லட்சுமி என் தங்கச்சிதான். துப்பாக்கி செய்து கொடுத்தது நான். அட்டையைச் சுருட்டி, கறுப்புக் காகிதம் ஒட்டி, ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உட்கார்ந்தேன். மேடைக்குப் போவதற்கு முன்னால் அவள் என்னைக் கேட்டாள், இந்த லட்சுமி கேப்டன் ஆவதற்கு முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க என்று. எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பு படிக்கிற அக்காவுக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் தேடிப் படித்ததைத்தான் இந்தத் தாளில் எழுதுகிறேன். அவர் ஒரு டாக்டர். இராணுவ உடை போட்டிருந்தது ரெண்டு வருஷம்கூட முழுசாக இல்லை. நோயாளிகளைப் பார்த்தது ஏறக்குறைய எழுபது வருஷம். அதிலும் போருக்குப் பயந்து வீடு வாசலை விட்டு ஓடி வந்த ஜனங்களுக்கு, வேறு வேறு நாடுகளில், வேறு வேறு காலங்களில் அவர் வைத்தியம் பார்த்திருக்கிறார். நாம் எல்லோரும் அவரைத் துப்பாக்கியோடு மட்டும் நிறுத்தி வைத்துவிட்டோம்.

லட்சுமி பிறந்தது நம்ம சென்னையில். 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 24. அப்பா எஸ். சுவாமிநாதன், சென்னை உயர் நீதிமன்றத்தில் பெரிய வக்கீல். அம்மா அம்மு சுவாமிநாதன், பாலக்காட்டுப் பக்கம் ஆனக்கரையைச் சேர்ந்தவர். இந்த அம்மு அம்மாள் பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். 1952 தேர்தலில் திண்டுக்கல்லிலிருந்து எம்.பி. ஆனார். பரதநாட்டியக் கலைஞர் மிருணாளினி சாராபாய், லட்சுமியின் தங்கை.

வசதியான வீடு. ஆனால் சின்ன வயசிலேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது. கேரளாவில் பாட்டி வீட்டுக்குப் போயிருந்தபோது, மலையில் வாழ்கிற ஜனங்களின் நிழல் பட்டாலே தீட்டு என்று பாட்டி சொல்லி வைத்திருந்தார். லட்சுமி ஒருநாள் நேராகப் போய் அந்த ஜனங்களில் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து விளையாடக் கூட்டி வந்துவிட்டாள். பாட்டிக்குக் கோபம், பேத்திக்கும் கோபம். ஜெயித்தது பேத்திதான். சின்னக் கதைதான், ஆனாலும் பின்னால் அவர் செய்த வேலையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. தொட்டுப் பார்க்காமல் வைத்தியம் செய்ய முடியுமா?

ராணி மேரி கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1938-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார். அடுத்து பிரசவம், பெண்கள் நோய் ஆகியவற்றில் டிப்ளமோ. வேலை பார்த்தது திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரியில். நம் பக்கத்துப் பெரியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் புரியாது, கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லுங்கள், உடனே தெரியும். எங்கள் அத்தை பிறந்ததும் அங்கேதான். கோஷா என்றால் வெளி ஆண்கள் முன்னால் வராத பெண்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்பதால் வைத்தியமே பார்க்காமல் செத்துப்போன பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளம். அவர்களுக்காகவே 1885-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. ஏழைப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்கணும் என்பதுதான் லட்சுமி டாக்டருக்குப் படித்த காரணமும்.

1940-இல் சிங்கப்பூர் போனார். முதல் திருமணம் சரியாக அமையாமல் பிரிந்தது. அங்கே ஒரு கிளினிக் திறந்தார். வந்தவர்களில் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளாவிலிருந்தும் கூலி வேலைக்குப் போன ஏழைகள்.

அடுத்த வருஷமே போர் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 8-ஆம் தேதி அதிகாலை சிங்கப்பூரில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. மலேயாவில் ஜப்பான் படை மேலேயிருந்து இறங்கி வர வர, ஜனங்கள் தெற்கே சிங்கப்பூருக்கு ஓடி வந்தார்கள். ஒரு சின்னத் தீவு, அதில் வந்தவர்களும் இருந்தவர்களுமாக நெருக்கியடித்துக் கிடந்தார்கள். குண்டு வெடிக்கிறது, குடிதண்ணீர்க் குழாய் உடைகிறது, ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. வசதி உள்ளவர்கள் கப்பல் ஏறினார்கள். இந்தியா திரும்ப நினைத்திருந்தால் அவரும் முன்பே திரும்பியிருக்கலாம். லட்சுமி அங்கேயே இருந்தார். 1942 பிப்ரவரி 15-இல் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. காயம்பட்ட கைதிகளுக்கு அவர் கட்டுப் போட்டார், மருந்து கொடுத்தார்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்றே ஒரு படை வேண்டும் என்றார். அதற்குத் தலைமை ஏற்க லட்சுமியை அழைத்தார். அப்போது லட்சுமிக்கு 28 வயசு. சம்மதித்தார். கிளினிக்கை விட்டார். அந்த வருஷம் அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. ஆசாத் ஹிந்த் அரசின் அமைச்சர்களில் ஒரே பெண் அவர்தான். படையில் சேர்ந்த பெண்களில் நிறைய பேர் மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், நம் வயசு, நம் அக்கா வயசு. பலர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எல்லோரும் துப்பாக்கி தூக்கவில்லை, ஒரு பகுதியினர் நர்ஸ் பயிற்சி எடுத்தார்கள். இதை மாறுவேடப் போட்டியில் யாரும் போடுவதில்லை!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. நேதாஜியின் படைக்குக் கூட்டாளியாக இருந்தது ஜப்பான். அதே ஜப்பான் இராணுவம்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட, மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டிக்கொண்டு போனது. ஆசை காட்டியும் கூட்டிப் போனார்கள், பிடித்தும் கொண்டு போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. காட்டிலேயே பல்லாயிரம் பேர் இறந்தார்கள். லட்சுமி வைத்தியம் பார்த்த அதே ஏழைத் தோட்டத் தொழிலாளர்கள்தான் அவர்கள். ஒரு டாக்டர் அந்தப் பக்கம் நின்றது சரியா என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக்காரன் ஆட்சியை விரட்ட அன்றைக்குக் கிடைத்த வழி அதுதான் என்று நினைத்தவர்கள் பல ஆயிரம் பேர். அவர்களில் அவரும் ஒருவர். நம் சமூக அறிவியல் வகுப்பில் இதைப் பற்றி ஒருநாள் பேசலாம் என்று டீச்சரைக் கேட்டுக்கொள்கிறேன்.

படை பர்மாவுக்குப் போனது. இந்திய எல்லையில் நடந்த போரில் தோல்வி. சாப்பாடு இல்லை, மருந்து இல்லை, மழையில் திரும்பி நடந்து வந்த சிப்பாய்களில் குண்டடி பட்டவர்களைவிட மலேரியாவும் பேதியும் வந்தவர்கள் அதிகம். கேப்டன் மறுபடியும் டாக்டராக வேண்டியிருந்தது. 1945 மே மாதம் பிரிட்டிஷார் அவரைக் கைது செய்தார்கள். 1946 மார்ச் வரை பர்மாவிலேயே வைத்திருந்து, பிறகு இந்தியாவுக்கு அனுப்பினார்கள்.

நான் படித்த பாட்டுப் புத்தகம், கதைப் புத்தகம் எல்லாவற்றிலும் கேப்டன் லட்சுமி இங்கேயே முடிந்துவிடுகிறார். அப்போது அவருக்கு 31 வயசுதான். அதற்கப்புறம் இன்னும் 66 வருஷம் வாழ்ந்தார்.

1947 மார்ச்சில் லாகூரில் பிரேம் குமார் சேகலைக் கல்யாணம் செய்துகொண்டார். செங்கோட்டை விசாரணையில் நிறுத்தப்பட்ட மூன்று பேரில் ஒருவர் அவர். கல்யாணம் நடந்த லாகூர் ஐந்தே மாதத்தில் வேறு நாடாகிவிட்டது. நாடு ரெண்டானபோது ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினார்கள். ரயிலில், மாட்டு வண்டியில், நடந்து. இவர்கள் குடியேறிய கான்பூருக்கு அகதிகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள். லட்சுமி அவர்களுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். நகரில் ஆர்ய நகர் பகுதியில் பிரசவ கிளினிக் நடத்தினார். இந்து, முஸ்லிம் என்று பார்க்கவில்லை. ரெண்டு பக்க ஜனங்களும் அவரை நம்பினார்கள்.

பிரசவம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் ஆயாவிடம் பேசியபோதுதான் புரிந்தது. போர் வந்துவிட்டது என்று வயிற்றில் இருக்கிற குழந்தை காத்திருக்குமா? பத்தாம் மாசம் வந்தால் பிறந்துதான் தீரும். ரயில் நிலையத்திலும் பிறக்கும், ரோட்டு ஓரத்திலும் பிறக்கும். அகதிக் கூட்டம் என்றதும் நமக்குக் காயம்பட்டவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் ஓடி வருகிறவர்களில் கர்ப்பிணிகள் இருப்பார்கள், பால் குடிக்கிற குழந்தை இருக்கும், சர்க்கரை வியாதிக்காரத் தாத்தா இருப்பார். அவர்களுக்கு வேண்டியது கட்டுப்போடுகிற டாக்டர் மட்டும் இல்லை. கோஷா ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட வேலை லட்சுமிக்குக் கான்பூரில் உதவியது இப்படித்தான்.

அடுத்தது 1971. இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற ஒரு பொருளின் கதை இதில் வருகிறது.

இப்போதைய வங்கதேசம் அப்போது கிழக்குப் பாகிஸ்தான். 1971 மார்ச் 25 ராத்திரி பாகிஸ்தான் இராணுவம் டாக்கா நகரில் சொந்த ஜனங்களையே சுட ஆரம்பித்தது. ஜனங்கள் இந்திய எல்லையைத் தாண்டி ஓடி வந்தார்கள். அந்த வருஷ முடிவுக்குள் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு கோடி. கல்கத்தா பக்கத்தில் சால்ட் லேக் என்ற இடத்தில், சாக்கடை போடுவதற்காக இறக்கி வைத்திருந்த பெரிய சிமெண்ட் குழாய்க்குள் குடும்பம் குடும்பமாகக் குடியிருந்தார்கள். அந்தப் படத்தை எங்கேயாவது பார்த்தால் விடாதீர்கள், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஜூன் மாதம் மழை. கக்கூஸ் இல்லை. குடிக்கிற தண்ணீரும் கழிவும் ஒன்றாகக் கலந்தது. காலரா வந்துவிட்டது.

அகதிகளுக்கு டாக்டர்களும் மருந்தும் வேண்டும் என்று வங்காளத் தலைவர் ஜோதி பாசு கேட்டுக்கொண்டார். லட்சுமிக்கு அப்போது 56 வயசு. சொந்த கிளினிக், குடும்பம், பேர், புகழ் எல்லாம் இருந்தது. கான்பூரில் மருந்தும் துணிமணியும் திரட்டினார், கிளம்பிவிட்டார். எல்லையில் பன்காவ் என்ற ஊரில் மக்கள் நிவாரணக் குழுவோடு சில வாரங்கள் வேலை செய்தார். பன்காவ் கல்கத்தாவிலிருந்து ரயிலில் சுமார் 75 கிலோமீட்டர். நம்ம திருவிடந்தையிலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தைப் போல ரெண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலரா எப்படிக் கொல்கிறது என்று அறிவியல் டீச்சர் சொல்லிக் கொடுத்தது இங்கே உதவும். கிருமி உடம்பைத் தின்று கொல்வதில்லை. குடலிலிருந்து தண்ணீரையும் உப்பையும் வெளியே தள்ளிவிடும். பெரிய ஆளுக்குக்கூட ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை போகலாம். காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் இறந்துவிடுவார். போன தண்ணீரைத் திரும்ப ஏற்றினால் பிழைத்துக்கொள்வார். நரம்பில் சலைன் பாட்டில் ஏற்றுவதுதான் அன்றைக்கு வழி. ஆனால் லட்சக்கணக்கான ஜனங்களுக்கு பாட்டிலுக்கு எங்கே போவது? ஊசி குத்தத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

அதே வருஷம், அதே பன்காவ் ஆஸ்பத்திரிக்கு கல்கத்தாவிலிருந்து டாக்டர் திலீப் மகலநபிஸ் என்பவர் வந்தார். அங்கே ரெண்டே அறை, தரையெல்லாம் நோயாளிகள். வாந்தியிலும் பேதியிலும் மண்டி போட்டுத்தான் ஊசி குத்தணும். சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டே வந்தது. உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து கலந்து பொட்டலம் போட்டார். தண்ணீரில் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி, அம்மா, அண்ணன், தங்கை என்று கூட இருந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். வாய்வழியாகக் கொடுத்தால் பலிக்கும் என்று ஆராய்ச்சியில் முன்பே தெரிந்திருந்தது. ஆனால் டாக்டர் இல்லாமல் சொந்தக்காரர்களே கொடுப்பதை இவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை, பல டாக்டர்கள் நம்பவும் இல்லை. அந்த முகாமில் காலரா வந்த நூறு பேரில் முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் கொடுத்த பிறகு அது நாலு பேருக்கும் கீழே வந்துவிட்டது. உப்பு மட்டும் கொடுத்தால் குடல் உறிஞ்சாது, சர்க்கரை கூட இருந்தால் அது உப்பைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அவ்வளவுதான் ரகசியம். அந்தப் பொட்டலத்தைத்தான் இன்றைக்கு நாம் ஓ.ஆர்.எஸ். என்கிறோம். மகலநபிஸ் 2022-இல் காலமானார்.

★ வீட்டில் செய்ய: கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர். சர்க்கரை சின்ன ஸ்பூனில் தலை தட்டி 6. உப்பு அரை ஸ்பூன். நன்றாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுக்கணும். உப்பு அதிகமானால் ஆபத்து, அளவு முக்கியம். ★

இதை ஆயாவிடம் படித்துக் காட்டியபோது அவர் சிரித்தார். 2004 டிசம்பர் 26 சுனாமி அன்றைக்குக் குப்பத்தை விட்டு ஓடி வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் பல நாள் தங்கியிருந்தார்களாம். அங்கே வந்த நர்ஸம்மா முதலில் கொடுத்தது இந்தப் பொட்டலமும், தண்ணீரில் போட குளோரின் மாத்திரையும்தானாம். துணியோ பாத்திரமோ அப்புறம்தான் வந்ததாம். கடல் துரத்தினாலும் போர் துரத்தினாலும், ஒரே இடத்தில் ஆயிரம் பேர் அடைந்து கிடந்தால் முதல் எதிரி தண்ணீர்தான் போலிருக்கிறது. ஆயா ஊருக்குத் திரும்பிவிட்டார். போரில் ஓடி வந்தவர்கள் அப்படித் திரும்ப முடிவதில்லை. நம்ம ஈ.சி.ஆர். ரோட்டிலேயே பாண்டிச்சேரி போகிற வழியில் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கு நம் வயசில் இருக்கிறார்கள். பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போது நான் இத்தனை நாள் கவனித்ததே இல்லை.

லட்சுமியின் கதைக்கு வருகிறேன். பன்காவ் அனுபவத்துக்குப் பிறகு அவர் மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1984-இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பிறகு சீக்கியர்களைத் தாக்கக் கூட்டம் கிளம்பியபோது, எழுபது வயசு டாக்டரம்மா கிளினிக்கை விட்டு ரோட்டில் இறங்கி நின்றார். கிளினிக் இருந்த பகுதியில் சீக்கியர் வீட்டையும் கடையையும் தொட விடவில்லை. அடுத்த மாதமே போபாலில் விஷவாயு கசிந்தது. அங்கேயும் மருத்துவக் குழுவோடு போனார்.

1998-இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் நம்ம ராமேஸ்வரத்து அப்துல் கலாமை எதிர்த்து நின்ற ஒரே வேட்பாளர் அவர்தான் என்பது பல பேருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ரெண்டு பேரும் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர்கள்! கலாம் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற லட்சுமி கான்பூர் கிளினிக்குக்குத் திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்த்தார். தொண்ணூறு வயசு தாண்டியும் தினமும் காலையில் போய் உட்கார்ந்துவிடுவாராம்.

2012 ஜூலை 23-ஆம் தேதி கான்பூரில் காலமானார். வயசு 97. நான் அப்போது கைக்குழந்தை. தன் உடம்பை எரிக்கவோ புதைக்கவோ வேண்டாம், டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். அதன்படி கான்பூர் மருத்துவக் கல்லூரியில் ஒப்படைத்தார்கள்.

இந்த வருஷ மாறுவேடப் போட்டிக்குத் தங்கச்சி மறுபடியும் லட்சுமி வேஷம்தான் போடப்போகிறாளாம். வெள்ளைக் கோட்டு தைக்கத் துணி கிடைத்துவிட்டது. ஸ்டெதஸ்கோப் யார் வீட்டிலாவது பழசு இருந்தால் 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் வந்து சொல்லவும்.

— 9-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி